அங்கன்வாடியில் முதல் ஆறு மாதம்: ஒரு நாளை எப்படிக் கட்டி மேய்ப்பது?

பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் இரண்டு முறை அழுதிருக்கிறேன். பிள்ளைகளால் அல்ல. ஒரு முறை கைபேசியால், இன்னொரு முறை ஒரு பருப்பு மூட்டையால். இரண்டு கதையும் கீழே வரும். நீங்களும் அதே இடத்தில் உட்கார்ந்து அழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மையம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கும் முந்திரி ஆலைக்கும் நடுவில் இருக்கிறது. தினமும் வரும் பிள்ளைகள் 22 பேர். சத்துமாவு வாங்கும் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தனிக் கணக்கு. எனக்குத் துணை ஒரே ஒரு உதவியாளர். ஊரில் என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். சேர்ந்த புதிதில் அந்தப் பெயருக்குரிய வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் சோம்பல் இல்லை, வரிசைப் பிழை. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் பதிவேடு எழுதினேன். அவர்கள் தூங்கும் நேரத்தில் நாளைய பாடத்துக்குப் படம் வெட்டினேன். இரண்டும் கெட்டது. இப்போது ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: பிள்ளைகள் விழித்திருக்கும்போது பேனா மூடியைத் திறப்பதில்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுகள்தான்.

1. சாவியை வாங்கும் முன் எடை போடுங்கள்

புதிதாகச் சேருகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆள் இல்லாமல் கிடந்த மையம். பக்கத்து மையத்துப் பணியாளர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்திருப்பார். பாவம், அவருக்கும் இரண்டு மையத்தைச் சுமந்த களைப்பு. சாவியையும் ஒரு பட்டியலையும் நீட்டி, "இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு அம்மா" என்பார். நான் போட்டேன். பட்டியலில் பருப்பு 50 கிலோ. மூன்று வாரம் கழித்து இருப்பைச் சரிபார்த்தபோது கணக்குக்கு 9 கிலோ குறைந்தது. எலி தின்றதா, வந்தபோதே குறைவாக வந்ததா என்று இன்றுவரை தெரியாது. கையெழுத்து என்னுடையது; பருப்பும் என் காசில் வந்தது.

ஆகவே தராசை எடுத்து வைத்து, மூட்டை மூட்டையாக எடை போட்டு, பட்டியலில் உங்கள் கையால் எடையை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். எரிவாயு சிலிண்டர் எத்தனை, குக்கர் எத்தனை, எடைக் கருவி வேலை செய்கிறதா, பாய் கிழிந்திருக்கிறதா, விளையாட்டுப் பொருளில் உடைந்தது எது என்பதெல்லாம் அதே தாளில் வர வேண்டும். ஒரு முழு மதியம் போகும். போகட்டும்.

பணியில் சேரும் நாளில் என்னிடம் கேட்கப்பட்டவை: நியமன ஆணை, கல்விச் சான்றுகள், ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று, மருத்துவத் தகுதிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுத்து, ஒரு தொகுப்பை மையத்திலேயே வையுங்கள். நகல் எடுக்க மட்டும் நான் நான்கு முறை பஸ் ஏறி இறங்கினேன்.

2. முதல் வாரம்: ஊரின் கடிகாரத்தைப் படியுங்கள்

கால அட்டவணையை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒரு வாரம் வாசலில் நின்று யார் எப்போது வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன மாவட்டத்திலேயே ஊருக்கு ஊர் கடிகாரம் மாறும். ரப்பர் பால் வெட்டும் வீட்டில் பெற்றோர் விடியும் முன்பே கிளம்பிவிடுவதால், பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது பாட்டி. முந்திரி ஆலைக்குப் போகும் தாய் உங்கள் பூட்டு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பாள். கடலோரத்தில் மீன் ஏலம் முடிந்து கூடை கிளம்பும் நேரத்தைப் பொறுத்து எல்லாம். தோவாளைப் பக்கம் பூக்கட்டும் வீடுகளில் இருட்டோடு எழுந்த அம்மா பத்து மணிக்குக் கண்ணயர்ந்திருப்பாள்.

என் மையத்தில் ஆறு பிள்ளைகள் காலை உணவு சாப்பிடாமலேயே வருகிறார்கள் என்பது இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. அதுவரை அவர்கள் பத்தே முக்காலுக்குச் சிணுங்குவதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பசி.

இந்த ஒரு வாரக் குறிப்பை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கமாக எழுதி வையுங்கள்: யார் கொண்டுவந்து விடுவது, யார் கூட்டிப்போவது, வீட்டில் பெரியவர்கள் எந்த நேரத்தில் இருப்பார்கள், யாருடைய கைபேசி எண் உண்மையில் எடுக்கப்படும். பின்னால் வீட்டுப் பார்வைக்கும் சத்துமாவு வழங்கலுக்கும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

3. திறந்த முதல் கால் மணி: கைபேசி வேலையை முடித்துவிடுங்கள்

மையம் திறந்ததைப் போஷன் டிராக்கர் என்ற ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியில் பதிய வேண்டும். பிள்ளைகள் வந்ததும் வருகை, பிறகு உணவு. இதைச் சாயங்காலம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், சாயங்காலம் சிக்னல் இருக்காது, அல்லது சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். மலையடிவார மையங்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எங்கள் மையத்துக்குள் சிக்னல் கிடையாது. கிணற்றடியில் கிடைக்கும். ஆகவே வருகையை முதலில் கரும்பலகையின் மூலையில் கோடு போட்டுக் குறித்துவிட்டு, உதவியாளர் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடும் ஐந்து நிமிடத்தில் கிணற்றடிக்குப் போய்ப் பதிந்துவிட்டு வருவேன். சட்டத்துக்கு இது ஒன்று மட்டும் விலக்கு. பேனா இல்லையே, கைபேசிதானே என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம்.

கவனிக்க வேண்டியவை சில. கைபேசியை முந்தின இரவே மின்னேற்றம் செய்யுங்கள். படங்களால் நினைவகம் நிறைந்தால் செயலி நின்றுபோகும். மாதக் கடைசியில் படங்களை அழியுங்கள், அனுப்பிவிட்டோமா என்று பார்த்துவிட்டு. வாட்ஸ்அப் குழுச் செய்திகளை நாளுக்கு மூன்று வேளை மட்டும் பாருங்கள். "உடனே அனுப்பவும்" என்று வருவதில் பாதி உடனே தேவைப்படாதது. அவசரமானால் மேற்பார்வையாளர் கூப்பிடுவார்.

4. பத்து முதல் பன்னிரண்டு வரை: யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்

இந்த இரண்டு மணி நேரம்தான் நாம் சம்பளம் வாங்குவதற்கான காரணம். எங்கள் வரிசை இப்படி: வந்ததும் இஷ்டம்போல் விளையாட்டு, வட்டமாக உட்கார்ந்து பேச்சும் பாட்டும், அந்த மாதத்துக்குரிய தலைப்பில் ஒரு செயல், வெளி விளையாட்டு, கதை.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, வட்டத்தை இழுப்பது. இரண்டு வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே பாயில். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் சின்னது எழுந்து அடுப்படிக்குப் போகும், பெரியது பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். நான் முதலில் அரை மணி நேரம் "இது என்ன நிறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளைகளைக் காட்டிலும் எனக்குத்தான் கொட்டாவி வந்தது. இப்போது ஏழெட்டு நிமிடம் பேச்சு, உடனே எழுந்து ஆட்டம், பிறகு மறுபடி உட்காருதல். அமைதியான வேலைக்கு அடுத்து ஓட்டம், ஓட்டத்துக்கு அடுத்து அமைதி என்று மாற்றி மாற்றி வைத்தால் குரலை உயர்த்தவே வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு, எல்லோருக்கும் ஒரே வேலை கொடுப்பது. நான் மூன்று மூலை வைத்திருக்கிறேன்: மணல் தட்டு, தேங்காய்ச் சிரட்டைகளும் டப்பாக்களும், படப் புத்தகங்கள். பெரியவர்களுக்கு நான் ஏதாவது சொல்லிக்கொடுக்கும்போது சின்னவர்கள் சிரட்டையில் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். அதுவும் கல்விதான், பெற்றோர் நம்பமாட்டார்கள். "எப்போது டீச்சர் எழுத்து எழுதப் பழக்குவீர்கள்?" என்று கேட்பார்கள். பக்கத்துத் தனியார் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளை ஆங்கில எழுத்து எழுதுகிறதாம். வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு நாள் அவர்களையே உள்ளே உட்காரவைத்துப் பிள்ளை பேசுவதைக் கேட்க வையுங்கள்.

எண்ணுவதற்குப் பொருள் சேர்க்கும்போது ஒரு கடுமையான எச்சரிக்கை. நம் பக்கம் ரப்பர்க் காய் வெடிக்கும் காலத்தில் கொட்டைகள் முற்றமெல்லாம் கிடக்கும். பளபளவென்று புள்ளி போட்டு அழகாக இருக்கும். எண்ணப் பழக்க இதைவிட நல்லது எது என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். பச்சை ரப்பர்க் கொட்டையில் சயனைடு நஞ்சு உண்டு. குன்றிமணியும் அப்படியே, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை நஞ்சில்லை, ஆனால் மூக்குக்குள் போகும். சிரட்டை, பெரிய சிப்பி, துணிப் பந்து, உள்ளங்கைக்குள் அடங்காத எதுவும் நல்லது.

மொழி பற்றியும் ஒரு சொல். எல்லைப் பக்கப் பிள்ளைகள் மலையாளம் கலந்து பேசுவார்கள். திருத்தாதீர்கள். அவர்கள் சொல்லுகிற சொல்லை நீங்களும் ஒரு முறை சொல்லி, அடுத்த வாக்கியத்தில் பாடத்துச் சொல்லைச் சொல்லுங்கள். இரண்டும் நிற்கும். நான் "தப்பு" என்று திருத்திய பிள்ளை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

5. அடுப்படிக் கணக்கு

சமையல் உதவியாளருடையது, பொறுப்பு உங்களுடையது. காலையில் வந்தவுடன் அன்றைய தலைக்கணக்குக்கு அளந்து கொடுத்துவிட்டு, அளந்ததைக் கரும்பலகையின் அதே மூலையில் எழுதிவிடுங்கள். மதியம் பதிவேட்டுக்கு ஏற்றும்போது யோசிக்க வேண்டியிருக்காது.

நம் மாநிலத்தில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று முட்டை. முட்டை நாளில் இருபது நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். 22 முட்டை உரிப்பது நினைப்பதுபோல் சுலபமில்லை. வெந்ததும் குளிர்ந்த நீரில் போட்டால் ஓடு சீக்கிரம் வரும். வேகவைக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதப்பதை ஒதுக்கிவிடுங்கள். முட்டை இறக்கும் வண்டிக்காரர் அவசரப்படுத்துவார். எண்ணி முடித்து, உடைந்ததைத் தனியே எழுதி, அதன்பிறகு கையெழுத்து. முதல் படியில் சொன்னதேதான்.

உணவைப் பிள்ளைகளுக்கு முன் நீங்கள் ருசி பாருங்கள். பரிமாறும் நேரத்தில் அல்ல, அரை மணி முன்பே. உப்பு கூடியதோ பருப்பு வேகாததோ தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும்.

சத்துமாவுப் பொட்டலங்களைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது; சுவர் ஈரம் மாவைக் கட்டியாக்கிவிடும். புதிதாக வந்ததைப் பின்னால், பழையதை முன்னால். காலாவதித் தேதியை வெளிப்பக்கம் தெரிய வையுங்கள்.

6. பிள்ளைகள் தூங்கும் நேரம்தான் அலுவலகம்

சாப்பாடு முடிந்து பாய் விரித்ததும் கடைசிப் பிள்ளை கண் மூடக் கால் மணி ஆகும். அதன்பிறகு கிடைப்பது சுமார் ஒன்றேகால் மணி நேரம். இதுதான் உங்கள் எழுத்து நேரம், வேறு கிடையாது.

பதிவேடுகள் முறைப்படி 11: குடும்ப விவரம், உணவு இருப்பு, உணவு வழங்கல், முன்பருவக் கல்வி, கர்ப்பமும் பிரசவமும், தடுப்பூசியும் கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளும், வைட்டமின் ஏ, வீட்டுப் பார்வை, பரிந்துரை (மருத்துவமனைக்கு அனுப்புவது), மாத ஆண்டுச் சுருக்கம், எடை. பெயரைக் கேட்டால் மலைப்பு. ஆனால் இவற்றில் தினமும் கை வைக்க வேண்டியவை இருப்பு, வழங்கல், வருகை ஆகியவைதான். இருபது நிமிட வேலை. மற்றவற்றை நாளுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டேன்: திங்கள் கர்ப்பிணிகள், செவ்வாய் வீட்டுப் பார்வை, புதன் தடுப்பூசி, வியாழன் எடையும் பரிந்துரையும், வெள்ளி வாரச் சுருக்கமும் அடுத்த வாரப் பாடப் பொருளும்.

வெள்ளிக்கிழமைச் சுருக்கத்தை மட்டும் விடாதீர்கள். நான்கு வெள்ளி எழுதினால் மாத அறிக்கை கூட்டல் மட்டும். எழுதாவிட்டால் மாதக் கடைசியில் இரவு பதினொரு மணி வரை வீட்டில் உட்கார்ந்து, "எட்டாம் தேதி எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பீர்கள்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது: நாளைய வருகையை இன்றே எழுதிவைப்பது. அனுபவசாலிகள் சிலரே இந்த யோசனையைச் சொல்வார்கள். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் தலையை எண்ணுவார், பிறகு பதிவேட்டைப் பார்ப்பார்.

7. முகப் பதிவும் ஓடிபியும்: கடலுக்குப் போன கைபேசி

2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு அதே போஷன் டிராக்கர் செயலியில் முகப் பதிவு கட்டாயம். முதலில் ஒரு முறை பயனாளியின் ஆதார் விவரத்தை ஓடிபி மூலம் சரிபார்த்து முகத்தைப் பதிய வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை வழங்கும்போதும் முகம் ஒத்துப்போக வேண்டும். குழந்தைக்குப் பதில் தாயின் அல்லது பாதுகாவலரின் முகம்.

கேட்கச் சுலபம். நம் மாவட்டத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஓடிபி போவது ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு. அந்த எண் பல வீடுகளில் கணவருடையது. கணவர் வளைகுடா நாட்டில் இருப்பார், அல்லது ஆழ்கடல் விசைப்படகில் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். முதல் முறை நான் பதினான்கு தாய்மார்களை ஒரே நாளில் வரச்சொல்லிவிட்டேன். ஐந்து பேருக்குத்தான் முடிந்தது. மீதிப் பேர் கைக்குழந்தையோடு வெயிலில் நின்று திரும்பிப் போனார்கள். ஆலையில் அரை நாள் கூலியை விட்டு வந்த ஒருத்தி எதுவும் பேசாமல் போனாள். அன்றுதான் கைபேசியைப் பார்த்து அழுதேன்.

இப்போது செய்வது இது. வழங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும், "ஆதாரில் இருக்கும் எண் யாருடையது? அந்தச் சிம் இப்போது எங்கே?" என்று கேட்டுவிடுகிறேன். தாயின் சொந்த எண்ணை இணைக்க வேண்டியிருந்தால் ஆதார் சேவை மையத்துக்கு அனுப்புகிறேன். எண் மாறச் சில நாள் ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். கணவர் வெளிநாட்டில் இருந்தால், அங்கே அவர் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் பிடித்து ஓடிபியைக் கேட்டு வாங்குவோம். வளைகுடாவில் நேரம் நமக்குப் பின்னால் என்பதால் காலையில் கூப்பிட்டால் அவர் தூக்கத்தில் இருப்பார். கடலுக்குப் போனவர் என்றால் படகு கரைக்கு வரும் தேதியைக் குறித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று: ஓடிபியை உங்களிடம் சொல்லத் தயங்கினால் கோபப்படாதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று வங்கிக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. அவர்கள் முன்னாலேயே, அவர்கள் கையாலேயே தட்டச்சு செய்ய விடுங்கள்.

கூட்டமாக வரச்சொல்லாதீர்கள். நாளுக்கு ஐந்து பேர், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அல்லது மையம் முடியும் நேரத்தில். வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசல் பக்கம் நிறுத்தினால் ஒரே தடவையில் முடியும்.

8. எடை பார்ப்பது

ஒரே நாளில் எல்லோரையும் எடை பார்க்க முயன்றால் அன்றைய பாடம் போச்சு. மாதத்தின் முதல் வாரத்தில் நாளுக்கு ஐந்தாறு பிள்ளைகள் என்று முடித்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதாமாதம் ஏறக்குறைய அதே தேதி வரும்படி பாருங்கள்.

கருவியின் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் முன் பார்க்க வேண்டும். கனமான உடையையும் செருப்பையும் கழற்றுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் படுக்கவைத்து நீளம் எடுக்க வேண்டும். அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். மாற்றி எடுத்தால் அளவு பிசகி, நன்றாக இருக்கும் பிள்ளை சிவப்பில், அதாவது கடும் ஊட்டக்குறைவில், வந்து நிற்கும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற வண்ணத்தில் சிவப்பு வந்தால் மறுநாள் மறுபடி ஒரு முறை எடை பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலோ, இரண்டு பாதத்திலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

தாயிடம் இதைச் சொல்லும் முறையிலும் நேரம் மிச்சமாகும். "உன் பிள்ளை சிவப்பில் இருக்கிறது" என்று நாலு பேர் முன் சொன்னேன், ஒருத்தி இரண்டு மாதம் பிள்ளையை அனுப்பவில்லை. இப்போது தனியே கூப்பிட்டு, வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன்: மட்டிப்பழம் கொடுக்கிறாயா, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடி காய்ச்சுகிறாயா, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வேகவைக்கும் நாளில் அதோடு கொஞ்சம் மீனும் மசித்துக் கொடுக்கிறாயா? மரச்சீனி மட்டும் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஏறாது. இதைச் சொன்னால் கோபிக்கமாட்டார்கள்.

9. புதன்கிழமை

தமிழ்நாட்டில் புதன் தடுப்பூசி நாள். உங்கள் மையத்திலேயே முகாம் நடந்தால் அன்றைக்குப் புதுப் பாடம் எதுவும் தொடங்காதீர்கள். ஒரு குழந்தை அழுதால் 22 பிள்ளைகளும் கழுத்தை நீட்டுவார்கள். தெரிந்த பாட்டு, தெரிந்த கதை, வெளி விளையாட்டு போதும். வரவேண்டியவர்கள் பட்டியலைச் செவ்வாய் மதியமே செவிலியரோடு சரிபார்த்துத் தொலைபேசியில் நினைவூட்டுங்கள். 6, 10, 14 வார ஊசிகளை யாரும் மறப்பதில்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் வருவதையும், ஐந்து வயதுக்கு மேல் போட வேண்டிய டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி) ஊக்க ஊசியையும்தான் மறப்பார்கள். வியாழனன்று காய்ச்சலால் வருகை குறையும். அளந்து கொடுக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

10. வீட்டுப் பார்வை

மையம் முடிந்தபின் ஒரு நாளைக்கு இரண்டு வீடு. அதற்கு மேல் போனால் வாசலில் நின்று விசாரித்துவிட்டு வருவதாகத்தான் இருக்கும். ஒரே சந்தில் இருக்கும் வீடுகளைச் சேர்த்துப் போங்கள். பிரசவம் முடிந்து வந்த வீடு, ஆறாம் மாதம் தொடங்கிய குழந்தை இருக்கும் வீடு, சிவப்பில் இருக்கும் பிள்ளையின் வீடு, இவைதான் முதலில். பிள்ளைகளை உதவியாளரிடம் விட்டுவிட்டு நடுப்பகலில் பார்வைக்குப் போகாதீர்கள். அடுப்பும் பிள்ளைகளும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது.

எல்லா வீட்டிலும் சாயா கொடுப்பார்கள். முதல் வீட்டில் மட்டும் குடியுங்கள்.

11. கையிலிருந்து போகும் பணம்

2025 ஆட்சேர்ப்பு அறிவிப்பின்படி அங்கன்வாடிப் பணியாளருக்கு முதல் 12 மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதன்பிறகு 7,700 முதல் 24,200 வரையான சிறப்புக் காலமுறை ஊதியம். குறு அங்கன்வாடிப் பணியாளருக்கு 5,700, உதவியாளருக்கு 4,100 என்று தொடங்கும்.

இந்த 7,700க்குள்தான் முதலில் கைக்காசு போட்டுப் பின்னால் வாங்கும் செலவுகளும் வரும்: காய்கறி, தாளிப்புச் சாமான், சிலிண்டர், கூட்டத்துக்குப் போகும் பஸ், நகல். எனக்கு முதல் மாதம் 1,400 ரூபாய் இப்படிப் போனது. திரும்பி வந்தது பில் இருந்ததற்கு மட்டும். காய்கறிக் கடையில் பில் தரமாட்டார்கள். ஆகவே ஒரு சின்ன நோட்டில் தேதி, பொருள், தொகை எழுதிக் கடைக்காரரிடம் வாரம் ஒரு முறை கையெழுத்து வாங்கிவிடுங்கள். சிலிண்டர் ரசீதைப் படமெடுத்தும் வையுங்கள், அந்த மை ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும். எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று முதல் மாதக் கூட்டத்திலேயே மேற்பார்வையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் உங்களுக்கு.

12. நாட்காட்டியில் முன்கூட்டியே வட்டமிட வேண்டியவை

கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை, அய்யா வைகுண்டர் அவதார நாள், ஓணம், மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளான நவம்பர் 1 ஆகியவற்றை ஒட்டி உள்ளூர் விடுமுறை வரும். முந்தின நாளும் பிந்தின நாளும் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அந்த நாட்களில் எடை, முகப் பதிவு எதுவும் வைக்காதீர்கள். குடற்புழு மாத்திரை நாள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும்: ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று, நன்றாக நசுக்கிக் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம், செப்டம்பர் ஊட்டச்சத்து மாதம். படம், கோலம், கூட்டம் என்று வேலை குவியும். இவற்றுக்கு வேண்டிய அட்டைகளை ஜூலை மழையில் பிள்ளைகள் குறைவாக வரும் நாட்களில் செய்து வைத்துவிடுகிறேன்.

வாக்காளர் பட்டியல் பணி வந்தால் எழுத்துமூலமான ஆணையை வாங்கி நகலை மையத்தில் வையுங்கள். அன்றைக்கு மையத்தை யார் பார்ப்பது என்பதையும் அதே நாளில் மேற்பார்வையாளருக்குத் தெரிவித்துவிடுங்கள். வாய்ச் சொல்லாக அல்ல, வாட்ஸ்அப்பில் எழுத்தாக.

13. பூட்டும் முன் ஐந்து நிமிடம்

தலைகளை எண்ணுங்கள், யார் கூட்டிப்போனார்கள் என்று பாருங்கள். அறிமுகமில்லாத மாமா வந்தால் வீட்டுக்குத் தொலைபேசி செய்யாமல் பிள்ளையை விடாதீர்கள், பிள்ளையே ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாலும் சரி. சிலிண்டர் வால்வு, தண்ணீர்த் தொட்டி மூடி, மாவு அறை ஜன்னல். கரும்பலகை மூலையில் இருக்கும் இன்றைய கணக்கு பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். ஏறாவிட்டால் அழிக்காமல் பூட்டுங்கள். காலையில் உதவியாளர் பலகையைத் துடைப்பதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.